அம்மணி கடிக்காத சட்டை

கோஸ்கி ஊரில், முதல் உறைபனி விழுந்ததற்கு அடுத்த சனிக்கிழமை காலை, ஒரு பெண் மான் ஊர் மண்டபத்துக்குள் நடந்து வந்து, எந்தெந்தப் பிள்ளைகளின் கையில் அந்த வருடம் வேட்டைக்குத் துப்பாக்கி கொடுக்கலாம் என்று முடிவு செய்யும். தகுதி வராத பிள்ளையின் சட்டையைப் பின்பக்கம் கடித்துக் கிழித்து, அங்கேயே நின்று மென்று விழுங்கும். தகுதி வந்த பிள்ளையை ஒன்றும் செய்யாது. மேல்முறையீடு கிடையாது. அன்றைக்கு மண்டபத்தில் காபி இலவசம், டோனட்டுக்கு மட்டும் காசு.

இந்த ஏற்பாடு 1954-இல் தொடங்கியது. அதற்கு முன் இலையுதிர் காலம்தோறும் ஊர் இரண்டுபட்டது. பன்னிரண்டு வயது போதும் என்று ஃபின்லாந்திலிருந்து வந்த குடும்பங்கள் சொல்லின; பதினான்காவது ஆக வேண்டும் என்று கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் குடும்பங்கள் சொல்லின; துப்பாக்கியை நட்டு நிறுத்தினால் அதைவிடப் பிள்ளை உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார்கள் மரம் வெட்டுகிறவர்கள். கல்யாணம் ஆன பிறகு என்றார் பாதிரியாரின் மனைவி. அந்த வருடக் கூட்டத்தில் காபி தீர்ந்து, நாற்காலிகள் நகர்ந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் கட்டம் வந்தபோது ஊர் எழுத்தர் மிஸஸ் டிரெவாரோ மேசையைத் தட்டிக் கத்தினார்: "வயசு வயசுன்னு எதுக்கு அடிச்சுக்கிறீங்க? குண்டு வாங்கப் போறது மானு. அதுகிட்டயே போய்க் கேளுங்களேன்!" அடுப்புப் புகை வெளியேறக் கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார்கள். அது வழியாக மான் உள்ளே வந்தது. வாசலை ஒட்டி, அப்பாவின் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பையனைச் சுற்றி வந்து முகர்ந்தது, சட்டையைக் கடித்தது. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மானைக் குறி தவறவிட்டவனின் சட்டைப் பின்பகுதியை வெட்டி வேட்டைக் குடிசைச் சுவரில் ஆணியடிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். மான் அதை முன்கூட்டியே செய்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். பையனின் அப்பாவே வீட்டுக்குப் போகும் வழியில், எனக்கும் அதே எண்ணம்தான் என்று ஒப்புக்கொண்டாராம்.

அன்றிலிருந்து ஊர் அந்த மானை அம்மணி என்று அழைக்கிறது. எல்லா வருடமும் வருவது ஒரே மானா, பரம்பரையாக வருகிற மான்களா என்று கேட்பது நாகரிகமில்லை. சொந்த இனத்தைச் சுடப்போகிற பிள்ளைகளுக்கு ஒரு மான் ஏன் அனுமதி கொடுக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. எல்லாரையும் தோற்கடித்துவிட்டால், வேட்டைப் பருவம் தொடங்கும் நவம்பர் பதினைந்தாம் தேதி காட்டில் நிம்மதியாக இருக்கலாமே என்பார்கள். அம்மணி அப்படிச் செய்ததில்லை. மோசமாகச் சுடப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டு திரியும் மானை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அம்மணியும் பார்த்திருக்கும். மாநில அரசு தன் பங்குக்கு ஒரு வயதைச் சொல்லி, சில வருடங்களுக்கு ஒருமுறை அதை மாற்றி, பாதுகாப்பு வகுப்பு ஒன்றையும் நடத்துகிறது. பிள்ளைகள் அதிலும் தேறுகிறார்கள். பிறகு மண்டபத்துக்கு வருகிறார்கள்.

பெற்றோர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஒருவர் அரை வண்டி சர்க்கரைக் கிழங்கை மண்டப வாசலில் கொட்டிவைத்தார். வேட்டைக்கு முன் மானுக்குக் கிழங்கு போட்டுப் பழக்கும் ஊரில் இப்படித்தான் யோசனை போகும். அம்மணி கடைசிக் கிழங்குவரை தின்று தீர்த்து, உள்ளே வந்து, அவர் மகன் சட்டையைக் கடித்தது. சட்டையைக் கால்சட்டைக்குள் இறுக்கிச் செருகி அனுப்பிப் பார்த்தார்கள். மூக்கால் நோண்டி வெளியே இழுத்தது. சட்டையே இல்லாமல், மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த முழுவுடுப்பில் வந்த ஒரு பையனின் பின்பாக்கெட், அதற்குள் இருந்த சூயிங்கம் பொட்டலத்தோடு போனது.

ஆனால் எதை வைத்து அம்மணி முடிவெடுக்கிறது என்பது மட்டும் நெடுங்காலம் யாருக்கும் பிடிபடவில்லை. நன்றாகக் குறிபார்க்கிற பிள்ளைகள் தோற்றார்கள். நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள் தோற்றார்கள். பெரியவர்கள் சொல் தட்டாத, சாது என்று பெயரெடுத்த பிள்ளைகள் வரிசையாகத் தோற்று வந்தார்கள். வாயாடிகளும், எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறவர்களும் முதல் தடவையிலேயே தேறினார்கள். பள்ளி ஆசிரியை மிஸ் பெக்மன் இது அநியாயம் என்று மண்டப வாசலில் வழிமறித்து அம்மணியிடமே முறையிட்டார். அம்மணி ஒரு காதை ஆட்டிவிட்டுப் போய்விட்டது.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோஸ்கியில் துப்பாக்கியைக் கைமாற்றும்போது கொடுப்பவர் "காலிதான்" என்பார். வீட்டுக்கு வந்தவரிடம் உட்காருங்கள் என்பதுபோல அது ஒரு மரியாதைச் சொல். வாங்குபவர் தலையாட்டி வாங்கிக்கொள்வார். வாங்கியதும் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று திறந்து பார்த்தால், கொடுத்தவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாக அர்த்தம். அப்படித் திறந்து பார்த்ததற்காக ஒரு நிச்சயதார்த்தமே முறிந்திருக்கிறது. அரசின் வகுப்பில், யார் என்ன சொன்னாலும் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் திறந்து பார் என்பதுதான் முதல் பாடம். பிள்ளைகள் அதைப் பிழையில்லாமல் ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்குவார்கள். வீட்டுக்கு வந்து, அப்பா நீட்டும் துப்பாக்கியைத் தலையாட்டி வாங்கிக்கொள்வார்கள். பாடம் பாடம், மரியாதை மரியாதை. இரண்டும் இடிப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

டெல்மர் ஹௌட்டலா மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். பொய் சொல்லும் மனிதர் இல்லை. எதையும் ஒருமுறை பார்த்தால் அது அப்படியே இருக்கும் என்று நம்புகிறவர். அவர் மனைவி லுவெல்லா பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். அவர்களுடைய ஒரே மகள் ஐலி, பள்ளிப் பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டுநருக்கு நன்றி சொல்கிற பெண். வேலியில் வைத்த தகர டப்பாக்களை அவளைப்போல ஊரில் எந்தப் பிள்ளையும் சுட்டு வீழ்த்தியதில்லை. நவம்பர் பதினைந்தாம் தேதி பள்ளிக்கு விடுமுறை. ஹௌட்டலா குடும்பம் முழுவதும் ஏரிக்கரைக் காட்டில் இருக்கும் வேட்டைக் குடிசைக்குப் போகும். தேறாத பிள்ளை போக முடியாது. ஐலிக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குடிசையில் மேல்தட்டுப் படுக்கை ஒன்று காலியாக இருந்தது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அது தனக்கென்றே சொல்லிவைத்திருந்தாள்.

பன்னிரண்டாவது வயதில் அவள் சட்டை போனது. அதே நாளில் அவள் பெரியப்பா ஓர்வில்லின் மகன் ராய்ஸ் தேறினான். அவன் வழக்கப்படி மண்டபத்தில் தன் அப்பா நீட்டிய துப்பாக்கியை வாங்கி, எல்லார் முன்னாலும் திறந்து எட்டிப் பார்த்து, "உங்கள நம்ப முடியாதுப்பா" என்று சொல்லி, தலையில் ஒரு குட்டு வாங்கியவன். அம்மணி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதின்மூன்றில் ஐலி மறுபடி தோற்றாள். பதினான்கில் டெல்மர் அவளுக்குப் புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தார், அதுவும் போனது. அப்போது அவரால் பொறுக்க முடியவில்லை. மென்றுகொண்டிருந்த அம்மணிக்கு எதிரில் போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "என் பொண்ணுகிட்ட என்னங்க கொற கண்டீங்க? ஊர்லயே இவளாட்டம் ஒழுங்கான புள்ள யாரு இருக்கா, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார். அம்மணி ஒரு பொத்தானை மட்டும் அவர் பூட்ஸ்மேல் துப்பியது.

வீட்டில் லுவெல்லா கிழிந்த சட்டைகளுக்கெல்லாம் திரைச்சீலைத் துணியில் ஒட்டுப் போட்டாள். "இன்னொரு வருஷம் இப்படிப் போச்சுன்னா சன்னலுக்குத் தொங்கவிட ஒண்ணும் மிஞ்சாது. பக்கத்து வீட்டுக்காரன் நாம சாப்பிடறத எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பான்" என்றாள். ராய்ஸ் ஞாயிற்றுக்கிழமை சவுனா என்கிற நீராவிக் குளியலுக்கு வரும்போதெல்லாம், "ஐலி, ஒன் அலமாரி பூராவும் அம்மணி வயித்துலதான் இருக்கு. குளிருக்கு அதுக்கு இதமா இருக்கும்ல?" என்பான். ஐலி சிரிப்பாள். மரியாதையான பெண் என்பதால் சிரிப்பாள். பதினைந்தாம் தேதி குடிசைக்குப் போகிறவர்களின் வண்டிகள் கிளம்பிப் போனதும் பின்கட்டுக்குப் போய் விறகைப் பிளப்பாள். அந்த மூன்று வருடமும் ஹௌட்டலா வீட்டில் விறகுக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அவளுக்கென்று ஒதுக்கியிருந்த துப்பாக்கி சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்ந்து நின்றது. லீவரைத் தள்ளித் திறக்கும் பழைய துப்பாக்கி, டெல்மரின் அப்பாவுடையது. அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள் என்று லுவெல்லா கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிவந்தாள். டெல்மர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "காலிதான்" என்பார். அவள் மேற்கொண்டு பேசினால் மரியாதையாக இருக்காது.

நான்காவது வருடம், உறைபனி தாமதமாக விழுந்தது. சனிக்கிழமை காலை கிளம்பும்போது வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஐலி கேட்டாள். பெட்ரோல் அளவு காட்டும் முள் வேலை செய்வதை நிறுத்தி நாளாகியிருந்தது. "நெறைஞ்சிருக்கு. நேத்துதான் பாத்தேன்" என்றார் டெல்மர். ஊருக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது வண்டி இரண்டு முறை இருமி, சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்கு நடுவில் நின்றுவிட்டது. லுவெல்லா இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். ஐலி துப்பாக்கி உறையைச் சுமந்துகொண்டு அவள் பின்னால் நடந்தாள். டெல்மர் பின்னாலிருந்து, "நேத்து நெறைஞ்சுதாம்மா இருந்துது, நீ வேணா பாரு, எவனோ உறிஞ்சிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சேற்றுத் தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கியது. அந்த நடையில்தான் ஐலியின் மரியாதை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, ஊர் எல்லைக்கு வரும்போது முழுதாகத் தீர்ந்துபோயிருந்தது என்று அவளே பிற்பாடு சொல்லியிருக்கிறாள்.

மண்டபத்தில் எல்லாருக்கும் முடிந்து, அவள் ஒருத்திதான் பாக்கி. அம்மணி அடுப்புப் பக்கம் படுத்துக் காத்திருந்தது. டெல்மர் மூச்சு வாங்க உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, தரையைப் பார்க்கப் பிடித்து மகளிடம் நீட்டி, "காலிதான்" என்றார். ஐலி வாங்கினாள். தலையாட்டவில்லை. அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னடி பாக்கற? காலிதான்னு சொல்றேன்ல."

"நெறைஞ்சிருக்குன்னும்தான் சொன்னீங்க."

குழாயை ஆளில்லாத சுவர்மூலைப் பக்கம் தரைக்குத் தாழ்த்தி, லீவரைக் கீழே தள்ளினாள். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி வெளியே வந்து, பலகைத் தரையில் விழுந்து, மேசைக்கு அடியில் உருண்டு, மிஸ் பெக்மனின் காலணியில் முட்டி நின்றது.

ஐலி லீவரை மறுபடி தள்ளினாள், இன்னொன்று விழுந்தது. விழ ஒன்றும் இல்லை என்றாகும்வரை தள்ளிவிட்டு, விரலை விட்டுத் தடவிப் பார்த்து, திறந்தபடியே மேசைமேல் வைத்தாள். ஜூன் மாதம் ஒரு முள்ளம்பன்றி வியர்வை உப்புக்காகச் சவுனாப் பலகையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது; அதற்காக டெல்மர் தோட்டா போட்டார்; முள்ளம்பன்றி போய்விட்டது; அவர் மறந்துபோனார். ஜூனிலிருந்து துப்பாக்கி தோட்டாவோடு கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றிருக்கிறது. லுவெல்லா கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் தொடப்பம் இருக்கு, டெல்மர். தினமும் துப்பாக்கிய நகத்தி வெச்சிட்டுத்தான் தொடப்பத்த எடுக்கறேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

அம்மணி எழுந்து வந்தது. ஐலியைச் சுற்றி வரவில்லை, முகரவில்லை, அவளை ஒரு தூணைக் கடப்பதுபோலக் கடந்து, டெல்மருக்குப் பின்னால் போய் நின்று, அவருடைய சிவப்புக் கட்டம்போட்ட நல்ல சட்டையைக் காலர்வரை கிழித்து எடுத்தது. அதுவரை அம்மணி பெரியவர்கள் யாரையும் தொட்டதில்லை. டெல்மர் அசையாமல் நின்று கொடுத்தார். முதலில் வாயைத் திறந்தவர் ஓர்வில்: "நெறைஞ்சிருக்குன்னு சொன்னது காலி. காலின்னு சொன்னது நெறைஞ்சிருக்கு. தம்பி, இனிமே நீ குட்மார்னிங் சொன்னாக்கூட நான் சன்னலத் தொறந்து பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்." அதற்குப் பிறகுதான் மண்டபம் சிரித்தது. லுவெல்லாவும் சிரித்தாள், சிரித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் ஒருவர் தோற்றால் என்ன செய்வது என்று விதி எதுவும் இல்லை. ஊர்க்கூட்டம் கூடியது, கடிபட்டால் கடிபட்டதுதான், வயதைப் பார்க்க முடியாது, சமையலுக்கு வேண்டுமானால் குடிசைக்குப் போகட்டும் என்று முடிவானது. டெல்மர் மறுக்கவில்லை. முந்தைய மூன்று வருடமும் அந்தத் துப்பாக்கி உண்மையிலேயே காலியாகத்தான் இருந்தது என்று அவர் இன்றைக்கும் சொல்வார். யாரும் மறுத்துப் பேசுவதில்லை, ஆமாம் என்பதும் இல்லை. அன்று மாலையே இரும்புப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி லுவெல்லாவின் இடுப்பில் ஏறியது. பதினைந்தாம் தேதி ஐலி குடிசைக்குப் போய் மேல்தட்டுப் படுக்கையில் படுத்தாள். டெல்மர் ஏப்ரன் கட்டிக்கொண்டு சமையலுக்குப் போனார். அவர் சுட்ட பாஸ்டி என்கிற அடைத்த ரொட்டிகளில் உருளைக்கிழங்கு அதிகம், இறைச்சி குறைவு என்று எல்லாரும் குறை சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் தின்று தீர்த்தார்கள். மூன்றாம் நாள் காலை ஐலி ஒரே குண்டில் ஒரு கிளைக்கொம்பு மானை வீழ்த்தினாள். அது இரண்டடிகூட நகரவில்லை. அன்றைக்கு டெல்மர் அடுப்பைக் கவனிக்காமல் வாசலுக்கு ஓடிப்போனதால், பாஸ்டிகள் கருகிப்போயின.

அடுத்த வருடம் அவர் அரசின் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், முழங்கால் முகவாயில் இடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பாடத்தை ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கினார். மண்டபத்தில் ஐலி துப்பாக்கியை நீட்டி, "காலிதான்" என்றாள். சொந்த மகள் சொல்லும்போது திறந்து பார்க்க அவருக்கு மனசு வரவில்லை, தலையாட்டி வாங்கினார். சட்டை போனது. மறு வருடம் ஞாபகமாகத் திறந்தார். ஆனால் திறந்த பெருமையில் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாரே தவிர உள்ளே பார்க்கவில்லை. சட்டை போனது. இதற்குள் மற்ற பெற்றோர்களும் ஏதோ ஒரு கூச்சத்தில் பிள்ளைகளோடு தாங்களும் வரிசையில் நிற்கத் தொடங்கியிருந்தார்கள். இப்போதெல்லாம் பிள்ளைகளைவிடப் பெரியவர்களின் சட்டைகள்தான் அதிகம் போகின்றன. அம்மணிக்குக் கொஞ்சம் எடை கூடியிருக்கிறது. கைமாறும் துப்பாக்கியைத் திறந்து பார்க்காதவனை ஊர் இன்று ஒழுங்காக வளராதவன் என்கிறது; அப்படிப் பார்க்கத் தவறியதற்காகச் சமீபத்தில் ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தது.

மூன்றாவது முயற்சியில் டெல்மர் துப்பாக்கியை வாங்கினார், திறந்தார், எட்டிப் பார்த்தார், விரலை விட்டுத் தடவினார், சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், லுவெல்லாவிடம் கண்ணாடி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எல்லார் காபியும் ஆறிப்போனது. அம்மணி தரையில் படுத்துவிட்டது. பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த சிவப்புத் தலைமயிர்ச் சிறுமி, "மாமா, உள்ள குடியிருக்கப் போறீங்களா?" என்று கேட்டாள். "இருடி, பாத்துக்கிட்டிருக்கேன்ல" என்றார் டெல்மர். அம்மணி ஒருவழியாக எழுந்து அவரைக் கடந்துபோனது. அந்தச் சிறுமியையும் கடந்துபோனது. மாவட்டச் செய்தித்தாளில் இருவரையும் சேர்த்துப் படம் போட்டார்கள். அதற்குக் கீழே அந்த வாரத்து உருளைக்கிழங்கு விலை இருந்தது, மூட்டைக்குக் கொஞ்சம் ஏற்றம்.

வேலை முடிந்து அம்மணி கிளம்பியபோது டெல்மர்தான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். வெளியே லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. "படி வழுக்கும், பாத்துப் போங்க" என்றார். பிறகு யாருக்கும் கேட்காதபடி குனிந்து, "பதினஞ்சாம் தேதி எங்க பக்கம் வந்துடாதீங்க, அம்மணி" என்றார். அந்தத் தேதி அவரைவிட அதற்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு நிமிடம் நின்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, நிதானமாகப் படியிறங்கிப் போனது.